மரைக்குப் பாண் போடுகிறவர்களுக்கு

இந்த மாதம் இது மூன்றாவது மாடு. பட்டிப்பொல பக்கத்து லயமொன்றில் ஒரு அம்மா வளர்க்கும் பால்மாடு, பத்து நாளாகத் தீனி எடுக்கவில்லை. இடது விலாவைக் கீறி முதல் வயிற்றுக்குள் கையை விட்டால், பொலித்தீன். லன்ச் சீட், ஷொப்பிங் பேக், பிஸ்கட் சுற்றிய வெள்ளித்தாள், எல்லாம் கயிறு மாதிரி முறுகி உருண்டு கிடந்தன. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். என் வீட்டில் அன்றைக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

மாடு பிழைத்துக்கொண்டது. அதற்கு ஆள் இருக்கிறது. "தின்ன மாட்டேங்குது டொக்டர்" என்று ஓடிவர, கயிற்றைப் பிடிக்க, தையல் ஆறும்வரை பார்த்துக்கொள்ள. அதே பாதையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே திரியும் மரைக்கும் (புத்தகத்தில் கடமான் என்று எழுதுவோமே, அதுதான்) மாட்டைப் போலவே நாலறை வயிறுதான். ஆள்தான் இல்லை.

"பாவம், பசியோட வந்து நிக்குது, அதான் பாண் போட்டோம்." இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! பசியால் வந்து நிற்கவில்லை ஐயா. 3,160 ஹெக்டேயர் பூங்கா, திரும்பின பக்கமெல்லாம் பத்தனை என்கிற மலைப் புல்வெளி. அதற்குப் பசித்தால் மேயத் தெரியும். முந்தாநாள் வந்தவர் போட்டார், நேற்று வந்தவர் போட்டார், அதனால் இன்றைக்கும் வந்து நிற்கிறது. அது அன்பு இல்லை, உங்கள் பிள்ளையைப் பிடித்துப்போனதும் இல்லை. வெறும் பழக்கதோஷம். புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. புல்லுக்கென்று அமைந்த வயிற்றில் பாணும் பணிஸும் புளிக்கும். அப்புறம், பாண் இருந்த பையிலும் அதே வாசனைதானே? பையும் சேர்ந்து உள்ளே போகும்.

"சாணியோட வெளியே போயிடும்" என்று ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். போகாது. நன்றாக அரைபட்டதுதான் முதல் வயிற்றைத் தாண்டி இறங்கும். பொலித்தீன் எங்கே அரைபட? அது அங்கேயே கிடக்கும், அடுத்த பை வந்து அதன்மேல் சேரும். கடைசியில் வயிறு நிறைந்தபடியே மிருகம் பட்டினியில் சாகும்.

இன்னொன்று. மத்திய மலைநாடு 2010ல் உலக மரபுரிமை ஆனது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்த்துக் கொடுத்த பட்டம். இயற்கை அழகுக்கென்று யுனெஸ்கோவிடம் தனியாக ஒரு தகுதி உண்டு. நமக்குக் கிடைத்தது அதற்காக இல்லை. உலக முடிவு என்கிற மலை விளிம்பில் நீங்கள் எடுக்கும் செல்ஃபிக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இங்குள்ள உயிர்களுக்காகக் கொடுத்தது அது: தேவாங்கு, ஊதாமுக மந்தி, சிறுத்தை. அந்தச் சிறுத்தைக்கு இங்கே முக்கிய இரை எது? மரைதான். நின்றபடியே காய்ந்துபோகும் மரங்கள், வெள்ளைக்காரன் கொண்டுவந்து இன்றைக்குப் பத்தனையைப் பிடிக்கும் மஞ்சள்பூ முட்செடி என்று வேறு தலைவலிகளும் உண்டு. அவற்றைப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வயிறு.

சரி, போகிறவர்கள் கேளுங்கள். சோற்றுப் பார்சல் வேண்டாம், டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துக்கொள்வார்கள், முறைக்காதீர்கள். அதைவிட மோசம், வாசலுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் பாதையோரம் எறிவது. பூங்கா எங்கே முடிகிறது என்று மரைக்குத் தெரியுமா? கொம்பு வைத்த ஆண் மரைக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களே, அது 200 கிலோவைத் தாண்டக்கூடிய மிருகம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வாருங்கள், தயவுசெய்து.

இடது விலா உப்பி, அசை போடாமல் தனியே படுத்திருக்கும் மரையைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். இடத்தை நினைவில் வைத்து வாசலில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். தூரத்திலிருந்து படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். பாண் மட்டும் போடாதீர்கள்.