மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்களா? 2019 விதிகள் உங்களுக்குத் தருபவை

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி மட்டும் போதாது. பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்றும் ஒப்புதல் தர வேண்டும். 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் சொல்வது இது. நெறிமுறைக் குழுவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்றுதான் சொல்வார்கள்.

இந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவராக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேரும் வெளியாட்கள். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், மருத்துவமோ அறிவியலோ சாராத பொதுநபர் ஒருவர் கட்டாயம். கூட்டம் நடக்க 5 பேர் போதும் என்றாலும், அந்த ஐவரில் பொதுநபரும் ஒருவர். அவர் வராத நாளில் சோதனையைப் பரிசீலிக்கவே கூடாது. நாலு பெரிய டாக்டர்கள் இருந்தாலும் கணக்கில் வராது.

நடைமுறையில் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவரைப் பொதுநபர் என்று உட்கார வைத்தால் எழுத்தளவில் விதி நிறைவேறிவிடும், ஆனால் அவரிடமிருந்து கேள்வி வராது. கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவத் துறை சார்ந்த வேலை பார்க்காதவர், உள்ளூர் மொழியும் வழக்கமும் அறிந்தவர் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆர்வமுள்ள ஆசிரியரோ கடைக்காரரோ குழுவின் உறுப்பினர்-செயலருக்கு விருப்பக் கடிதம் கொடுக்கலாம். உள்ளே போனால் முதல் வேலை, நோயாளிக்குத் தரும் தமிழ்த் தகவல் தாளை வாசித்துப் பார்ப்பது. ‘யதேச்சையாக ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்று அச்சிட்டிருந்தால் யாருக்குப் புரியும்? ‘புது மருந்தா பழைய மருந்தா என்பது சீட்டுக் குலுக்குவது போல முடிவாகும்; டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்’ என்று மாற்றச் சொல்லலாம்.

இனி, சேரப்போகிறவருக்கு. முதலில் சிடிஆர்ஐ எண்ணை, அதாவது இந்தியச் சோதனைப் பதிவேட்டில் சோதனைக்குத் தந்த எண்ணை, கேளுங்கள். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சோதனையை அதில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது. நீங்கள் போகிற ஆஸ்பத்திரியின் பெயரும் அதற்கு ஒப்புதல் தந்த குழுவின் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரலாம். அவசரப்படுத்தினால் அதுவே எச்சரிக்கை. படிக்கத் தெரியாதவருக்கு விளக்கும்போது, தொடக்கம் முதல் முடிவு வரை சார்பற்ற சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். மருந்தின் மூலக்கூறே முற்றிலும் புதியது என்றால், ஏழ்மை போன்ற காரணங்களால் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களிடம் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிய வேண்டும். தகவல் தாளும் கையெழுத்தான படிவத்தின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். பலர் வாங்காமலே வந்துவிடுகிறார்கள். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

படிவத்தில் ‘நாமினி’ என்றொரு இடம் உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள். சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்காகவே அது கேட்கப்படுகிறது.

சோதனையின்போது உடம்புக்கு எது வந்தாலும் சிகிச்சை இலவசம். பாதிப்புக்குச் சோதனை காரணமல்ல என்று உறுதியாகும் வரை அல்லது சிகிச்சை தேவைப்படும் வரை, எது முந்தியதோ அதுவரை. கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இரவில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆய்வு மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். அவருக்குத் தெரியாத பாதிப்பு பதிவாகாது.

சோதனையால் மரணம் என்று முடிவானால் இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு: 8 லட்சம் ரூபாயை, வயதுக்கும் நோயின் கடுமைக்கும் ஏற்ப விதிகள் தரும் இரண்டு எண்களால் (வயதுக் காரணி, நோய்க் காரணி) பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். 40 வயதுக்கு வயதுக் காரணி 184.17. நோய்க் காரணி மிதமான நோயாளிக்கு 2; ஆக, சுமார் 29.65 லட்சம் ரூபாய். அதே வயதில் ஆறு மாதத்துக்குமேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் இருந்தவருக்குக் காரணி 0.5, தொகை சுமார் 7.41 லட்சம். ஆரோக்கியமான தன்னார்வலருக்குக் காரணி 4. சம்பளம் இந்தக் கணக்கில் எங்கும் வராது. கொத்தனாருக்கும் இன்ஜினியருக்கும் ஒரே தொகை. நோய் முற்றியவர் உயிருக்கு விலை குறைவு என்பதுதான் உறுத்துகிறது. முழு நிரந்தர ஊனத்துக்கு மரண இழப்பீட்டில் 90 சதவீதம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் சோதனையை நடத்தும் கம்பெனி பணம் கட்ட வேண்டும்.

காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது என்பது தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். தொலைபேசி எண் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.