குட்வில்: நல்லெண்ணமா, நற்பெயரா, வாடிக்கையா?

ஊட்டியில் ஒரு வர்க்கிக் கடை கைமாறுகிறது. அடுப்பு, தட்டு, கண்ணாடி அலமாரி, சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டாயிற்று. அதோடு பேரம் முடியாது. ‘குட்வில் தனி’ என்பார் விற்பவர்.

அகராதியில் பார்த்தால் நல்லெண்ணம் என்றிருக்கும். தூதருக்கு அது பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் நற்பெயர் என்கிறது. பத்திரத்தில் எழுத இதுவே சரி. ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்பதை இந்தச் சொல் காட்டுவதில்லை. 1810-இல், சரக்கு வண்டித் தொழில் பற்றிய ஓர் ஆங்கிலேய வழக்கில், பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வரும் வாய்ப்புதான் குட்வில் என்றார் நீதிபதி எல்டன் பிரபு. தமிழில் வாடிக்கை என்றாலே பழக்கம். விற்பது அந்தப் பழக்கத்தைத்தான். (பகடி வேறு, அது கடையைக் காலி செய்து கொடுப்பதற்கான பணம்.)

கணக்குக்கு வருவோம். மூன்று ஆண்டு லாபம் 6, 7, 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 7 லட்சம். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்தால் அவருக்கு மாதம் 20,000 சம்பளம், ஆண்டுக்கு 2.4 லட்சம் கழிக்க வேண்டும். சொந்தக் கட்டடம் என்றால் மாதம் 10,000 வாடகை, 1.2 லட்சம். மீதி 3.4 லட்சம். கட்டடம் நீங்கலாகப் போட்ட முதல் 10 லட்சம். அதற்கு 12 சதவீத வருவாய் 1.2 லட்சம். அதையும் கழித்தால் உயர் இலாபம் 2.2 லட்சம். மூன்று ஆண்டுக் கொள்முதல் (அதாவது உயர் இலாபத்தின் மூன்று மடங்கு) என்றால் குட்வில் 6.6 லட்சம். சம்பளத்தையும் வாடகையையும் மறந்தால் இதே கடைக்கு 17.4 லட்சம் வரும். தகராறு பெரும்பாலும் இங்கேதான். தொழில் கூட்டாளி விலகும்போதும் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போதும் இதே கதைதான்.

எந்த ஆண்டுகளை எடுப்பது என்பதும் முக்கியம். மலையில் ஏப்ரல், மே சீசன்தான் கல்லாவை நிரப்புகிறது. ஊரடங்கு ஆண்டுகளைச் சேர்த்தால் சராசரி பொய்யாகும். 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபின் பழைய கூட்டத்தை அப்படியே எதிர்பார்ப்பதும் சரியல்ல. ஊட்டி வர்க்கியின் புவிசார் குறியீட்டைக் காட்டி விலை ஏற்றுவோரும் உண்டு. அது 2023-இல் ஊர்ப் பண்டத்துக்குக் கிடைத்தது, ஒரு கடையின் சொத்து அல்ல.

வங்கிக் கடனுக்கு நிலம் மதிப்பிட்டவரிடமே இதையும் கேட்காதீர்கள். நிறுவனங்கள் சட்டத்தின் 2017 விதிகளின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களில் நிலம்-கட்டடம், இயந்திரம், பங்குகள்-நிதிச் சொத்துகள் என மூன்று வகையினர். தொழிலை மதிப்பிடுபவர் மூன்றாம் வகை.

வாங்குபவர் ஒன்றை விசாரிக்க வேண்டும்: கூட்டம் வருவது இடத்துக்கா, மாஸ்டரின் கைப்பக்குவத்துக்கா? கைப்பக்குவம் என்றால், அவர் கிளம்பினால் குட்வில்லும் கிளம்பும். விற்பவரே மாஸ்டராக இருந்தால், குறிப்பிட்ட எல்லைக்குள் இதே தொழில் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கலாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது; இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவு குட்வில் விற்பனைக்கு மட்டும் விலக்குத் தருகிறது. எல்லை நியாயமாக இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், அடுத்த சீசனில் அவர் எதிர்க்கடையில் அடுப்பு மூட்டுவதைத் தடுப்பது கடினம்.