வாடகை சைக்கிள் புறநகருக்குப் போனால் ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு ஸ்டாண்டில் எடுத்து ஓட்டிப்போய் இன்னொரு ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் போகும் வாடகை சைக்கிள் நகரின் நடுவில் நன்றாக ஓடுகிறது, சரி, புறநகரிலும் பத்து ஸ்டாண்டு வைத்துப் பார்ப்போம் என்று வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் அங்கே யாரும் சைக்கிளைத் தொடுவதில்லை. உடனே "அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதில் ஆர்வமில்லை" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பெரும்பாலும் கோளாறு ஸ்டாண்டுகளுக்கு நடுவே விட்ட தூரத்தில்தான்.

பாரிஸின் வாடகை சைக்கிள் சேவையான வெலிப் 2007 ஜூலை 15 அன்று தொடங்கியது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு ஸ்டாண்டு என்பது கணக்கு. ஏன் அவ்வளவு நெருக்கம் என்றால், போய்ச் சேரும் இடத்தில் ஸ்டாண்டு நிரம்பியிருந்தால் சைக்கிளைப் பூட்ட முடியாது, பூட்டாமல் விட்டுப் போகவும் முடியாது, அடுத்ததைத் தேடித்தான் ஆகவேண்டும். அது நாலைந்து நிமிட நடைக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்வோம். புறநகரில் இடைவெளியை 600 மீட்டராக்கினால் செலவு பாதியாகும் என்றுதான் தோன்றும். ஆனால் பரப்பளவில் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்குப் பதினொன்று இருந்த இடத்தில் மூன்றுகூடத் தேறாது, கால்வாசிதான். போக்குவரத்து அதைவிட வேகமாகச் சரியும். 20 ஸ்டாண்டு இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக 380 வழி, 10 என்றால் 90 மட்டுமே.

பாரிஸில் ஒரு பழக்கம் உண்டு. பழுதான சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போகிறவர், அடுத்து வருபவருக்குத் தெரியட்டும் என்று சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைப்பார். முப்பது சைக்கிள் நிற்கும் இடத்தில் மூன்று சீட்டு திரும்பியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மூன்றே சைக்கிள் நிற்கும் கடைக்கோடி ஸ்டாண்டில் மூன்றுமே திரும்பியிருந்தால், ஆப்பில் "3 உள்ளன" என்று காட்டினாலும், அங்கே இருப்பது பூஜ்யம்தான். இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாம் தடவை பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அப்புறம் மேடு. மோன்மார்த்ர், பெல்வில் போன்ற உயரமான பகுதிகளில் காலையில் எல்லாரும் சைக்கிளில் இறங்குவார்கள், மாலையில் மெட்ரோவில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். அந்த முதல் தலைமுறை சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் எடை, அதை யார் மிதித்து ஏற்றுவது? மேலே காலி, கீழே நெரிசல், இரண்டையும் சரிசெய்ய லாரியில் அள்ளிக்கொண்டு ஓடவேண்டும். 2008-ல் மேட்டு ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுபவருக்குக் கூடுதலாக 15 நிமிடம் இலவசம் என்று அறிவித்தார்கள். அருமையான யோசனை, ஆனால் இறங்கும் கூட்டத்தை ஈடுகட்ட அது போதவில்லை. பேட்டரி சைக்கிள் வந்த பிறகுதான் மேடும் தூரமும் ஓரளவு கைக்குள் வந்தன.

புறநகரிலும் இதே ஏற்ற இறக்கம், ரயில் நிலையத்தைச் சுற்றி. காலையில் வீட்டிலிருந்து வரும் சைக்கிளெல்லாம் நிலையத்து வாசலில் குவியும், எட்டரை மணிக்கு வருபவருக்குப் பூட்ட இடம் இருக்காது. அதனால் அங்கே போடும் ஸ்டாண்டு மற்றதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். சைக்கிள் எண்ணிக்கையைவிடப் பூட்டும் இடங்கள் கணிசமாக அதிகம் இல்லாவிட்டால் மொத்த ஏற்பாடும் இறுகி நின்றுவிடும்.

2018-ல் வேறு நிறுவனம் பொறுப்பேற்று, சுற்றியுள்ள நகராட்சிகளையும் சேர்த்து வெலிப் மெட்ரோபோல் ஆனபோது மாதக்கணக்கில் குழப்பம். காரணம் ரொம்பச் சாதாரணம், பல ஸ்டாண்டுகளுக்கு மின் இணைப்பு வந்து சேரவில்லை. அந்த ஸ்டாண்டுகளைப் பேட்டரியில் ஓட்டி, பேட்டரிகளை ஆள் வைத்துக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதில் சேர்வதா வேண்டாமா என்பது அந்தந்த நகராட்சியின் விருப்பம், சேர்ந்தால் செலவில் பங்கு தரவேண்டும். ஒரு நகராட்சி விலகி நின்றால் அதன் எல்லைக்குள் மட்டும் ஓட்டை விழுவதில்லை. அதைத் தாண்டியுள்ள ஊர் நகரத்திலிருந்து துண்டாகிவிடுகிறது, இந்தப் பக்கத்து எல்லை ஸ்டாண்டுகளும் போகுமிடத்தில் பாதியை இழக்கின்றன. ஆகவே ஊருக்கு இரண்டு என்று தெளிப்பதைவிட, இருக்கும் வலையின் ஓரத்திலிருந்து அதே நெருக்கத்தில் ஒவ்வொரு தெருவாக வெளியே நகர்வதே மேல், அதற்கு வருடக்கணக்கில் ஆனாலும்.