பப் மேல புகார் குடுக்கணும்னா எங்க குடுக்கறது?

மலேசியாவுல, பேராக் மாநிலத்து தெற்குல, செம்பனை தோட்டங்களுக்கு நடுவுல இருக்குற சின்ன டவுன்ல வக்கீல் தொழில் பண்றேன். மோட்டார் ஆக்சிடன்ட், விவாகரத்து, நில பிரச்சனை இதுக்கெல்லாம் அடுத்தபடியா என்கிட்ட வர்றது கடைவரிசை பப் விவகாரம்தான். கேஸா வராது, புலம்பலா வரும். "லாயர், தாமான் (குடியிருப்பு) பூரா கையெழுத்து வாங்கி லெட்டர் குடுத்தோம், ஒண்ணும் நடக்கல, எல்லாரும் காசு வாங்கிட்டானுங்க"ன்னு வந்து நிப்பாங்க. சரி லெட்டரை காட்டுங்கன்னு வாங்கி பாத்தா, நம்ம இனம் அழியுது, பிள்ளைங்க எதிர்காலம் என்னாவுறது, கோயிலுக்கு பக்கத்துல இப்படியான்னு ரெண்டு பக்கம் இருக்கும். என்னைக்கு, எத்தனை மணிக்கு, யாருக்கு வித்தாங்க, அது மட்டும் இருக்காது. லைசன்ஸ் எடுத்து மது விக்கிறது இந்த நாட்டுல குத்தம் இல்லீங்க, அப்புறம் அந்த லெட்டரை வச்சிக்கிட்டு ஆபீசர் என்னத்த பண்ணுவாரு?

அதனால கோபம் எவ்ளோ நியாயமா இருந்தாலும் அத ஒரு பக்கம் வச்சிட்டு, அந்த கடை எந்த விதிய மீறுதுன்னு மட்டும் பாருங்க.

பப் நடத்த ஒரே ஒரு லைசன்ஸ்னு நம்ம ஆளுங்க நினைச்சிக்கிறாங்க, அப்படி இல்ல. மது விக்கிற லைசன்ஸ் 1976ஆம் வருஷத்து எக்சைஸ் சட்டத்துக்கு கீழ வருது, மாவட்ட அளவுல இருக்குற லைசன்ஸ் வாரியம் குடுக்குது, அதுக்கு நீங்க போக வேண்டியது பெஜாபாட் டேரா, அதான் மாவட்ட ஆபீஸ். இதுல பப்ளிக் ஹவுஸ் லைசன்ஸுன்னு முதல் தரம், ரெண்டாம் தரம், மூணாம் தரம்னு பிரிச்சு வச்சிருக்காங்க, தரத்துக்கு தரம் கடை நேரம் மாறும். அதனால "ராத்திரி லேட்டா தொறந்து வச்சிருக்கான்"னு மொட்டையா எழுதுனா பத்தாது, அந்த கடைக்கு எந்த தரம், எத்தனை மணி வரைக்கும் அனுமதின்னு கேட்டு தெரிஞ்சிக்கிட்டு எழுதுங்க. கடை இடம், போர்டு, அஞ்சடிய (கடை முன்னாடி நடைபாதை) மறிச்சு மேசை போடுறது இதெல்லாம் மஜ்லிஸ், அதான் ஊராட்சி மன்றம், பாத்துக்கும். கரோக்கே, லைவ் பேண்ட், டான்ஸுன்னா அதுக்கு தனியா எண்டர்டெயின்மெண்ட் லைசன்ஸ் வேணும், நெறைய கடை மாட்டுறது இங்கதான், ரெஸ்டோரன்ட்னு லைசன்ஸ் எடுத்துட்டு உள்ள கலர் லைட்டு போட்டு வேற வியாபாரம் நடக்கும். அடிதடி, போதைப்பொருள்னா பாலாய், அதான் போலீஸ் ஸ்டேஷன். எல்லாத்துக்கும் பாலாய்க்கே ஓடி ரிப்போர்ட் போட்டா, அவங்க "இது எங்க வேலை இல்ல"ன்னு சொல்றது சில நேரம் உண்மையாவே அவங்க வேலை இல்லாததாலதான்.

வயசு விஷயம் ரொம்ப முக்கியம். 2017 டிசம்பர் 1லேர்ந்து 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விக்கக் கூடாது, முன்ன 18ஆ இருந்துச்சு. பல பேரு இன்னும் 18னுதான் சொல்றாங்க, கடைக்காரவங்களும் சேத்துதான். இது உணவு விதிமுறைக்குள்ள வர்றதால புகார் போக வேண்டியது மாவட்ட சுகாதார ஆபீசுக்கு, இது பாதி பேருக்கு தெரியாது. ஒரு அம்மா வந்தாங்க, ஃபோர்ம் ஃபைவ் (பதினேழு வயசு) படிக்கிற மகன் வாரக்கடைசி ஆனா தண்ணி அடிச்சிட்டு வர்றான், எந்த கடைன்னு தெரியும், ஆதாரம் இல்லன்னு அழுதாங்க. பையன் காசு எப்படி கட்டுனான்னு கேட்டேன். ஈவாலட்ல கட்டியிருக்கான்! ஃபோனை தொறந்து பாத்தா கடை பேரு, தேதி, மணி, கட்டுன வெள்ளி (பணம்) எல்லாம் வரிசையா கிடக்கு. அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்து, பையன் ஐசி (அடையாள அட்டை) காப்பியோட வச்சு, ஒரே பக்கத்துல லெட்டர் எழுதி குடுத்தோம். அதுக்கு அப்புறம் ஆபீசர் அத சும்மா வச்சிருக்க முடியாது. ஆனா ஒண்ணு, ஆதாரத்துக்காக சின்ன பையன காசு குடுத்து உள்ள அனுப்பற வேலை வேணாம், அது உங்க மேலயே திரும்பும்.

விலை சந்தேகப்படுற அளவுக்கு மலிவா இருந்தாலோ, போத்தல்ல வரி ஸ்டிக்கர் இல்லாம இருந்தாலோ அது கஸ்தம் (சுங்கத்துறை) வேலை, நம்பர் 1-800-88-8855. இத வரி பிரச்சனைன்னு மட்டும் நினைக்காதீங்க. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கு குடிச்சு எத்தனை பேரு செத்தாங்க, அதுல நெறைய பேரு வெளிநாட்டுலேர்ந்து வேலைக்கு வந்த பையனுங்க. மெத்தனால் உடனே காட்டாது, அரை நாள், ஒரு நாள் கழிச்சுதான் வாந்தி, வயித்து வலி, கண்ணு மங்கறதுன்னு ஆரம்பிக்கும். நம்ம வீட்டுல "போதை தெளியட்டும், தூங்கட்டும்"னு விட்டுடுவோம். விடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க, எங்க, என்ன குடிச்சாருன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, மிச்ச போத்தல் இருந்தா கழுவி வைக்காம கொண்டு போங்க.

இளைஞருங்க சில பேரு வேற மாதிரி வருவாங்க. 1947ல கெடாவுல, பீடோங் பக்கம் கள்ளுக்கு எதிரா கிளம்புன தொண்டர் படை கள்ளுக்கடைக்கு முன்னாடி நின்னாங்க, நாங்களும் போயி மூட வைக்கிறோம்னு. அந்த சரித்திரத்து மேல எனக்கு மரியாதை உண்டு, அங்க உயிரே போச்சு. ஆனா இன்னைக்கு நீங்க கூட்டமா போயி கண்ணாடிய ஒடச்சா குற்றவாளிக் கூண்டுல நிக்கறது நீங்கதான், தவுக்கே (கடை முதலாளி) அடுத்த நாளே கடைய தொறந்துருவாரு. ரோட்டுல நின்னு தேதி, மணி எழுதி வைங்க, ரோட்டுலேர்ந்தே படம் எடுங்க, அது போதும்.

ஃபேஸ்புக்ல போடாதீங்கன்னு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க. கடை பேரு போட்டு, "இன்ஸ்பெக்டருக்கு மாசாமாசம் மாமூல்"னு எழுதிடுவாங்க, அடுத்த வாரம் மான நஷ்ட லெட்டரோட என்கிட்டயே வருவாங்க. 2010ஆம் வருஷம் தகவல் குடுக்கறவங்கள பாதுகாக்க ஒரு சட்டம் வந்துச்சு, உங்க பேர ரகசியமா வைக்கணும்னு அது சொல்லுது, ஆனா அது அமலாக்க ஆபீஸ்கிட்ட போயி சொன்னாத்தான், ஃபேஸ்புக்ல கொட்டுறதுக்கு இல்ல. ஆபீசர் காசு வாங்குறாருன்னு நெஜமாவே தெரிஞ்சா ஊழல் தடுப்பு ஆணையம், எஸ்பிஆர்எம், இருக்கு, 1-800-88-6000.

லெட்டரை மலாய்ல, ஒரே பக்கத்துல எழுதுங்க, ஒரு லெட்டருக்கு ஒரு மீறல். நேர்ல குடுத்தா உங்க காப்பியில சாப்பு (முத்திரை) அடிச்சு தேதி போட்டு வாங்குங்க, சிஸ்பால (அரசாங்கத்தோட ஆன்லைன் புகார் சிஸ்டம்) போட்டா புகார் நம்பர் வரும், அத பத்திரமா வைங்க. லைசன்ஸ் ஆயுசுக்கும் குடுக்கறது இல்ல, ரினியூ பண்ணணும், அது எப்போன்னு பெஜாபாட் டேராவுல விசாரிச்சு, அதுக்கு முன்னாடியே அந்த சாப்பு அடிச்ச காப்பி எல்லாத்தையும் சேத்து வாரியத்துக்கு ஒரு செட் அனுப்புங்க, ஏரியா அடூனுக்கும் (சட்டமன்ற உறுப்பினர்) ஒரு செட்டு.