‘எடுத்துக்கொள்’ என்று வேண்டிக்கொண்டவர்கள்

புற்றுநோய் முற்றியவர்களின் வீடுகளுக்கே சென்று வலி குறைக்கும் சிகிச்சை அளிப்பது என் வேலை. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சில நாள் புதுச்சேரி. நோயாளி காலமான பிறகும், காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்ததும், அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்விடுவேன். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று அப்போதுதான் வெளியே வரும்.

“நான்தான் சாமியிடம் கேட்டேன், சீக்கிரம் எடுத்துக்கொள் என்று. எடுத்துக்கொண்டுவிட்டார்.”

சொல்பவர்கள் பெரும்பாலும் மகள்கள், மருமகள்கள், மனைவிமார். இரவெல்லாம் விழித்திருந்து, புண்ணைத் துடைத்து, படுக்கைத் துணியை மாற்றியவர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த உறுத்தல் வருவதில்லை. முதலில் இவர்களும் உயிரைக் காப்பாற்றத்தான் வேண்டினார்கள். பாடலீஸ்வரருக்குப் பிரதோஷம் இருந்தார்கள். வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். வலி எல்லை மீறிய ஏதோ ஓர் இரவில் வேண்டுதல் மாறிவிட்டது. அப்படி மாறியதும் அன்பினால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்பவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்கிறேன்.

அதோடு மருத்துவ உண்மையையும் சொல்லியாக வேண்டும். உயிரைக் கொண்டுபோனது நோய். குற்ற உணர்ச்சி பிரார்த்தனையோடு நிற்பதில்லை. மருந்தின் மீதும் சோற்றின் மீதும் போய் ஒட்டிக்கொள்ளும். “கடைசி மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்தது நான்தானே” என்பார்கள். வலிக்கு ஏற்ற அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை முன்கூட்டிக் கொண்டுவருவதில்லை. மரணம் நெருங்கியிருந்ததால்தான் அந்த மாத்திரை கடைசி மாத்திரை ஆனது. “பட்டினி போட்டுவிட்டோமே” என்பார்கள். இறுதி நாட்களில் பசி தானாகவே அடங்கிவிடும்; உடலால் உணவை ஏற்க முடியாது. வற்புறுத்தி ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. வாயை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தீர்களே, அந்த நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது அதுதான்.

இறந்த மறுநாள் இரவு அசந்து தூங்கிவிட்டதற்காகத் தன்னையே வெறுக்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட உடம்பு அது. தூங்கத்தான் செய்யும்.

பண்ருட்டிப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வருகிறது. சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துடித்த அப்பர், திருவதிகை வீரட்டானத்தில் பாடி நோய் நீங்கப்பெற்ற வரலாறு அங்கே எல்லோருக்கும் தெரியும். கணவரின் வயிற்றில் கட்டி என்றதும் அந்தக் கோயிலுக்கு ஓடிய ஒரு மனைவி என்னிடம் கேட்டார்: “அவருக்குத் தீர்ந்தது, இவருக்கு ஏன் தீரவில்லை?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘எல்லாம் விதி’, ‘போன ஜென்மத்துக் கர்மா’ என்று அவருக்குப் பதில் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது. ஒன்றை மட்டும் அவருக்கு நினைவூட்டினேன். அப்பர் அங்கே பாடியதே ஒரு முறையீடுதான். இந்த வேதனையை ஏன் விலக்கவில்லை என்று இறைவனிடமே கேட்டார். அப்படியிருக்க, சாமி மேல் கோபப்பட்டதால் பக்தி போய்விட்டது என்று அந்த அம்மாள் ஏன் பயப்பட வேண்டும்?

எல்லோருக்கும் கோபம் வருவதில்லை. சிலருக்கு உள்ளே வெறுமை மட்டுமே இருக்கும். புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்து மகள், அப்பாவுக்கான முப்பதாம் நாள் பூசையின்போது கோயிலுக்குள் வராமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டார் அதைப் பெரிய குறையாகப் பேசினார்கள். கடலூர்ப் பக்கம் பல இந்து வீடுகளில் துக்கம் நடந்த ஒரு வருடம் கோயிலுக்குப் போவதில்லை. அந்த வழக்கத்தைச் சிலர் நிம்மதியோடு பற்றிக்கொள்வதைப் பார்க்கிறேன். கும்பிடவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். வருடத் திதி முடிந்த மறுநாள்தான் நெருக்கடி. விளக்கேற்று, கோயிலுக்கு வா என்று ஆளாளுக்கு இழுப்பார்கள். வரும்போது வரட்டும், விட்டுவிடுங்கள். சிலர் திரும்ப வருகிறார்கள், சிலர் வருவதில்லை. நம்பிக்கை முன்பைவிட ஆழமாகிவிட்டவர்களும் உண்டு. அவர்களையும் கேலி செய்ய வேண்டாம்.

குணமாக்க முடியாத நோயாளிகளை இறுதிவரை வலியின்றிப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸ் சிகிச்சைக்கு வழிகாட்டிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். உடல் வலி, மன வலி, குடும்ப, பணக் கவலைகள், ஆன்மிக வேதனை ஆகிய நான்கையும் சேர்த்தே ‘முழு வலி’ என்றார். நம் துறையில் இருப்பவர்கள் வலி பத்துக்கு எத்தனை என்று தவறாமல் கேட்கிறோம். “உங்களால் சாமி கும்பிட முடிகிறதா?” என்று, நோயாளியிடமும் பார்த்துக்கொள்பவரிடமும், எத்தனை பேர் கேட்கிறோம்? மத போதனை செய்யச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். குருக்களோ பாதிரியாரோ இமாமோ குடும்பத்துக்கு நெருக்கமானவராக இருந்தால், அந்த வேண்டுதலைப் பற்றி அவரிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லலாம்.

துக்கத்துக்குக் கெடு கிடையாது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதினோராம் பதிப்பில், நீடித்த துக்கத்தைத் தனிப் பாதிப்பாகவே சேர்த்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் தாண்டி, ஏக்கமும் குற்ற உணர்ச்சியும் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால் உதவி தேவை. “நானும் கூடவே போயிருக்கலாம்” என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.