கருப்பட்டி நிறத்தில் ஒரு காகிதம்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் பனையோலைப் பெட்டி ஒன்று கிடந்தது. மூடியின் விளிம்பில் நான்கு கீற்றுகள் முறிந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பதினைந்து வயதில் நான் அதற்குச் செய்த வைத்தியம், பழுப்பு நிற ஒட்டும் டேப். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் டேப் சுருண்டு விழுந்தது; விழும்போது ஓலையின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு போனது. பிசின் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இதே நோய்க்கு அருங்காட்சியகங்களில் மருந்து, நிறமூட்டிய காகிதம். கூடை, பாய், நார்க்கயிறு, மரப்பட்டைத் துணி, தோல் என்று செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் வந்த பொருள்கள் கிழிந்தாலும் உடைந்தாலும் காகிதத்தால்தான் பெரும்பாலும் ஒட்டுப் போடுகிறார்கள்.

பனை நிற்கும் மாவட்டத்தில் ஒருவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி: ஓலை இருக்கும்போது காகிதம் எதற்கு? புது ஓலைக்கு விறைப்பு அதிகம். ஈரம் பட்டால் ஓலை நரம்பின் போக்கில் நீளுவதைவிடக் குறுக்குவாக்கில் அதிகம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனி ஆடியின் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியின் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இருமுறை நனையும் எங்கள் ஊரில் இந்த இழுபறி ஓய்வதே இல்லை. ஒட்டு பலமாகவும் ஓலை நைந்தும் இருந்தால், அடுத்த கிழிசல் ஒட்டின் ஓரத்தில்தான் விழும். பழைய வேட்டிக்குக் காடாத்துணியில் ஒட்டுப் போட்டவர்களுக்கு இது தெரியும். ஆகவே ஒட்டு, பொருளைவிட பலவீனமாக இருக்க வேண்டும். இழுவிசை எல்லை மீறினால் காகிதம் கிழியட்டும், ஓலை தப்பட்டும் என்பதுதான் கணக்கு.

அதற்காக எந்தக் காகிதமும் உதவாது. ஜப்பானில் கோசோ என்னும் காகித மல்பெரிச் செடியின் உள்பட்டையிலிருந்து செய்யும் தாள்தான் இந்த வேலைக்குப் பேர்போனது. அதன் இழைகள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம். மரக்கூழ்க் காகிதத்தில் இழைகள் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். நீள இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் தாளை வெங்காயச் சருகைவிட மெல்லியதாக்கலாம். நகல் எடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் இருக்கும். இந்தத் தாள்களில் சில 5 கிராமுக்கும் கீழே.

இனி நிறம். பெட்டியின் மேல் தூரிகையை வைக்கவே கூடாது. ஓலையில் ஊறிய நிறத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனவே தாளுக்கு முதலிலேயே நிறம் ஏற்றுகிறார்கள். தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக் வண்ணத்தைப் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் விரித்த தாளில் தடவிக் காயவிடுவார்கள். காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது. பசையின் ஈரம் பட்டாலும் சாயம் ஓலைக்குள் இறங்காது. தேயிலைச் சாறு மலிவாயிற்றே என்று தோன்றும். அதில் அமிலம் உண்டு, நாளடைவில் தாளை நொறுக்கிவிடும்.

பழுப்பு என்று ஒரே நிறத்தைப் பூசினால் போதாது. பாட்டியின் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: வெளியே அடுப்புப் புகை பிடித்துக் கருப்பட்டி நிறம், மடிப்புக்குள் வெளிறிய சந்தன நிறம், கைபட்ட இடத்தில் எண்ணெய் மினுக்கு. ஒரு கீற்றுக்கே மூன்று தாள் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய தாள், விளக்கடியில் பச்சையடிக்கும். வேறு வேறு சாயங்கள் ஒரே ஒளியை வேறு விதமாகத் திருப்புவதால் வரும் வினை. ஆகையால் பொருளைக் காட்சிக்கு வைக்கும் விளக்கின் கீழேதான் கடைசிப் பொருத்தம் பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோலுக்கு இங்கே வேலையில்லை. ஈரத் தூரிகையால் தாளில் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மெல்லப் பிரித்தால் விளிம்பில் இழைகள் பூனைமீசையாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டும்போது அந்த மீசை ஓலையில் படிந்து, விளிம்பை மறைக்கிறது. முறிந்து விழுந்த கீற்றுக்குப் பதிலாகவும், விளக்குத் திரி திரிப்பதுபோல் தாளைத் திரித்து நார் செய்து பின்னலில் கோக்கலாம்.

பசை, கோதுமை மாவிலிருந்து பிரித்த ஸ்டார்ச்சைக் காய்ச்சியது. இல்லையென்றால் மீத்தைல் செல்லுலோஸ் என்னும், செடிநார்ப் பொருளிலிருந்து வேதிமுறையில் செய்த பசை. இரண்டையும் பிற்காலத்தில் ஈரம் காட்டி இளக்கி எடுக்கலாம். ஓலை தண்ணீரைக் கண்டால் முறுக்கிக்கொள்ளும், அதனால் கெட்டியான பசையில் ஒரு துளி மட்டும்.

நன்றாகச் செய்த ஒட்டு ஆறடி தள்ளி நின்றால் தெரியாது. ஆறு அங்குலத்தில் கண்ணை வைத்தால் தெரியும், தெரியவும் வேண்டும். எது பாட்டி முடைந்தது, எது பிற்பாடு வந்தது என்று நாளைக்குப் பார்ப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாதே.

எங்கள் பெட்டிக்கு இன்னும் காகிதம் ஒட்டவில்லை. முதலில் டேப்பின் பிசினை எடுத்தாக வேண்டும். அது என் கைக்கு அடங்கும் வேலையல்ல. இப்போதைக்குப் பரணிலிருந்து இறங்கி, வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.