சுருங்கிய கிரீனை மண் காட்டிக்கொடுக்கும்

"பழைய கோல்ஃப் மைதானத்தை அதன் ஆதி வடிவத்துக்கே மீட்டோம் என்கிறார்களே, புல்தரைக்கு ஏது ஆதி வடிவம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வடிவமைத்தவர் தந்த வடிவம்தான் ஆதி. அது ஆண்டுகள் போகப் போக மாறிவிடும். மரம் வளர்ந்து வழியை மறைக்கும், பங்க்கரிலிருந்து (தடையாக வைக்கும் மணல்பள்ளம்) அடிக்கும்போது தெறிக்கும் மணல் சேர்ந்து சேர்ந்து அதன் விளிம்பு உயரும். இவை எளிதில் புரிபவை. எனக்குப் பிடித்தது கிரீன் சுருங்கும் விதம்.

குழி இருக்கும் பரப்புதான் கிரீன். அங்கே புல்லின் உயரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். சுற்றியுள்ள புல் அதைவிட உயரம். வெட்டுகிறவர் ஓரத்தில் சற்றுத் தவறினாலும் வெளிப்புல் மொட்டையாகிவிடும். அந்தப் பயத்தில் ஒரு மயிரிழை உள்ளே தள்ளியே வெட்டுவார். அடுத்த முறை அதுவே எல்லை. ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டர் ஆரமுள்ள கிரீன் 80 ஆண்டில் 12.6 மீட்டராகும், பரப்பில் சுமார் 30 சதவீதம் காலி! மூலைகள்தான் முதலில் போகும், இயந்திரம் கூர்மையாகத் திரும்பாதே. பங்க்கருக்குப் பின்னால் குழியை ஒளித்துவைக்க வடிவமைத்த மூலையும் அப்படித்தான் போகும்.

சரி, போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? கிரீன் சமமாக இருக்க அவ்வப்போது மெல்லிய மணல் தூவுவார்கள், கிரீனுக்குள் மட்டும். அது அடுக்கடுக்காகப் படியும். இன்றைய ஓரத்துக்கு வெளியே குழாயை இறக்கி மண் எடுத்தால், உயரப் புல்லின் அடியில் அந்த மணல் இருக்கும். தள்ளிப் போகப் போக அடுக்குகள் குறையும். அந்த இடம் முன்னதாகவே கைவிடப்பட்டது என்று அர்த்தம். மணலே இல்லாத இடம் வந்தால் அதுதான் பழைய எல்லை. வெட்டியவர் மறந்ததை மண் மறக்கவில்லை!

அப்புறம் வான்படங்கள். அமெரிக்க வேளாண் துறை 1930களில் வயல்களை அளக்க எடுத்த படங்களில் கோல்ஃப் மைதானங்களும் விழுந்திருக்கின்றன.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தை 2010-11இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் மீட்டபோது, 1943ஆம் ஆண்டு வான்படங்கள் கைகொடுத்தன. ஃபேர்வேயின் (கிரீனை நோக்கிப் போகும் வெட்டிய புல்பாதை) நடுக்கோடு எது என்பதை, புதைந்திருந்த பழைய தண்ணீர்க் குழாய் வரிசை சொன்னது. அது எவ்வளவு தூரம் நீர் தெளித்ததோ அதுதான் அகலம். சுமார் 35 ஏக்கர் புல்லை அகற்றினார்கள். தெளிப்பான்கள் 1,150இலிருந்து 450 ஆயின.

ஆனால் 'ஆதி' என்பது எந்த ஆண்டு? அந்த மைதானத்தை வடிவமைத்த டொனால்டு ராஸ் அதை 1907இல் திறந்தார். 1948இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். 1935வரை அங்கே கிரீன்கள் வெறும் மணல். 1907தான் ஆதி என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால், இன்று அங்கே மணலில்தான் பந்து உருட்ட வேண்டியிருக்கும்.